மிதிக்க ஒரு கால்

"மிதிச்சாச்சா?" என்று காருக்கு அடியில் படுத்தபடி குரல் கொடுத்த நூலகருக்கு, தாம் கேட்டது ஒரு துடைப்பக் கட்டையிடம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து பழைய ஆயிலை வெளியேற்ற வேண்டும். மிதிக்க வேண்டிய மனைவி முந்தாநாளிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

காரணம், சைலன்சர். வாரம் முழுக்க "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற மனிதர், பழசாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்குப் பெரிய ஏர் ஃபில்டரும், பின்னால் தொண்டை பெருத்த சைலன்சரும் மாட்டி, ஓர் உறுமல் விட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் நடுங்கியது. மனைவி வெளியே வந்தாள்.

"திங்கட்கிழமை காலையில எனக்குக் கார் வேணும். பிரேக் பிடிக்கணும். சத்தம் கேக்கவே கூடாது."

எங்கே போக என்று கேட்டதற்குக் கதவுதான் படாரென்று பதில் சொன்னது.

இன்று ஞாயிறு. பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. பாக்கி, பிரேக்.

"வாரத்துல ஒருநாள், அதுவும் உருட்டிக்கிட்டுத்தான் போறேன். ஆயில் எப்படி இப்படிக் கறுத்துச்சு?" என்று முனகியபடி, கட்டையை இருக்கைக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக்கொடுத்திருந்தார். எப்போது பார்த்தாலும் முன்னால் நகர்ந்து கிடக்கும் அந்த இருக்கை, இன்று பார்த்துப் பின்னால் வழுக்கியது. கட்டை ஹார்னில் சாய்ந்தது.

தெருவே எட்டிப் பார்த்தது. "லைப்ரரியில ஒருநாள் இப்படி அடிச்சுப் பாருங்களேன் சார்!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஹார்னை நிறுத்தப் பாய்ந்தவர் ஆயில் டப்பாவை உதைத்தார். கதவில் தெறித்தது. துடைக்கத் துடைக்க, பெயின்ட்டும் கூடவே வந்தது.

"நான் மிதிக்கட்டுமா சார்?" பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"தெய்வமா வந்தீங்க. ஏறி மிதிங்க!"

"மிதிச்சுட்டேன்!"

திருகைத் திறந்தார். சொட்டுக்கூட வரவில்லை.

"நல்லா மிதிங்க மாஸ்டர்!"

"இதுக்கு மேல மிதிச்சா கால் தெருவுக்கு வந்துடும் சார்!"

குழாயில் அடைப்பு என்று முடிவுகட்டி, குழாயையே கழற்றினார். ஆயில் அவர் சட்டைக் கைக்குள் இறங்கி இடுப்பு வரை நலம் விசாரித்தது. பதறி எழுந்து பார்த்தால், மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வெறும் கார்பெட்டை மிதித்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஏது பிரேக்?"

"பழக்க தோஷம் சார். ஸ்கூல் வண்டியில என் பக்கமும் ஒண்ணு இருக்கும்."

மாஸ்டர் அசடு வழிய இறங்கிக்கொண்டார். அப்போதுதான் மனைவி வீட்டிலிருந்து வந்தாள். ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பார்க்காமலே அதை முன்னால் இழுத்துக்கொண்டாள். நூலகர் அவசரமாகக் குழாயை மாட்டினார்.

"மிதி!"

'பாம்' என்றது ஹார்ன். மிதித்தாயிற்று என்று அர்த்தம்.

"விடு!"

'பாம் பாம்.'

கறுப்பு போய்ப் புது ஆயில் வந்தது. கடைசிச் சக்கரம் முடிந்ததும் அவள் தன்னை மறந்து கத்தினாள்: "ஏங்க, பிரேக் கல்லு மாதிரி நிக்குதுங்க!"

நூலகருக்கு ஆயில் நாற்றம்கூட மணத்தது. "பேசிட்டியே! நாளைக்கு லீவு போட்டு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க பக்கத்துல உட்கார்ந்தா போதும்" என்று சிரித்தாள்.

உட்கார்ந்து பார்க்கிற ஆசையில் மறுபக்கக் கதவைத் திறந்தவர் கீழே பார்த்தார். "யாருமே உட்காராத சீட்டு. கார்பெட்டுல எப்படி இவ்வளவு பெரிய ஓட்டை?"

"என் கால்தான் சார்" என்றார் மாஸ்டர். "மூணு மாசமா நீங்க லைப்ரரிக்குப் போனதும் அம்மா இந்த வண்டியிலதானே ஓட்டிப் பழகறாங்க? நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட்!"