முப்பதடிக் கோலும் பல் டாக்டரின் சன்னலும்

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம், என் வலது தோளைத் தவிர. அங்கே நீங்களும் அண்ணியும் நலமென்றும், உங்கள் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறதென்றும் நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் வேலை பார்த்த சட்டை தைக்கும் ஆலையை மூடியதும் உங்கள் சிநேகிதரின் கிடங்கில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்தீர்கள். நான்தான் கேட்காமல் சன்னல் கழுவும் தொழிலில் இறங்கினேன். "ஐம்பத்திரண்டு வயசுல ஏணி மேல ஏறப் போறியா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்று போனில் கத்தினீர்கள். ஏணியே கிடையாது அண்ணா என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். இப்போதாவது கேளுங்கள். தரையில் நின்றபடி முப்பதடிக் கோலை நீட்டினால் போதும். நுனியில் பிரஷ் இருக்கும், கோலுக்குள் ஓடும் குழாய் வழியாக அங்கே தண்ணீர் பீய்ச்சும். சாதாரணத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் உப்புத் திட்டு விழும் என்பதால், அதை வடிகட்டி வடிகட்டி, உப்பு அளக்கும் மீட்டரை முக்கினால் பூஜ்யம் காட்டும்வரை சுத்தமாக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் கழுவினால் துடைக்கவே வேண்டாம், தானாகக் காய்ந்து பளிச்சென்று நிற்கும். அப்படித்தான் கோலை விற்றவர் சொன்னார்.

பூஜ்யம் வர மூன்று நாள் பிடித்தது. குளியலறையைப் பாதி அடைத்துக்கொண்டிருந்த வடிகட்டியை உங்கள் மாப்பிள்ளை தாண்டப் போய், ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு படுக்கையறை வரை வெள்ளம். மூன்றாம் நாள் நான் மீட்டரைத் தூக்கிக் காட்டியதும், "பூஜ்யம் வாங்கிட்டு இவ்வளவு சந்தோஷப்படுற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர், மூன்று மாடிக் கிளினிக். நேற்றுக் காலை போனோம். கோல் முழுசாக நீண்டதும் பெரிய மீன் மாட்டிய தூண்டில் மாதிரி வளைந்து ஆடியது, நான் வலப்பக்கம் இழுத்தால் அது இடப்பக்கம் போனது, ஒருவழியாக மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கே ஒரு சன்னல் திறந்து கிடந்திருக்கிறது, உள்ளே ஒருவர் கண்ணை மூடி வாயைத் திறந்து படுத்திருந்திருக்கிறார், தண்ணீர் நேராக அந்த வாய்க்குள். அவர் வைத்தியம் என்று நினைத்து, "போதும் டாக்டர், நல்லா கொப்புளிச்சாச்சு" என்றாராம். "நிறுத்துங்க" என்று நான் கத்த, வண்டியில் இருந்த உங்கள் மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டியின் திருகை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அடுத்து நனைந்தவர் டாக்டர்.

எல்லாம் முடித்துக் கோலை மடக்கும்போது அவர் இறங்கி வந்தார். "துடைக்காமயே கிளம்புறீங்க?"

"துடைக்கக் கூடாது டாக்டர். தானா காஞ்சிடும்."

"எங்க வீட்ல தட்டைக்கூடத் துடைச்சுத்தாம்மா வைக்கிறோம்."

அன்றைக்கென்று வானம் மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம் நின்றும் கண்ணாடியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தொங்கியதே தவிர காயவில்லை. பொறுக்கமாட்டாமல் அவரே ஒரு துண்டை எடுத்துக் கீழ்ச்சன்னலைத் தேய்த்தார், அது வெள்ளையாக இழுவிக்கொண்டது. "சொல்லி அனுப்புறேன்" என்றார். கம்பெனியில் ஆள் எடுத்த காலத்தில் நீங்கள் நூறு பேரிடம் சொன்ன வார்த்தை, அர்த்தம் நான் எழுத வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் அழுகை வந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை வண்டியின் வைப்பரைப் போட்டார். மழை இல்லை. வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே அண்ணா, நீங்கள் சொன்னதே சரி. திங்கட்கிழமையே கிடங்குக்கு வருகிறேன் என்று சிநேகிதரிடம் சொல்லிவிடுங்கள். கோலை விற்றுவிடுகிறேன். ஒன்றே ஒன்று: மூன்றாம் மாடிக் கண்ணாடியில் பிரஷ் போய்ப் பதிந்ததே, அந்த ஒரு நொடி, தோள்வலியெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆலையில் இருபது வருஷம் பொத்தான் சரிபார்த்ததில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பெரியவராக முதலில் திட்டி முடியுங்கள், பிறகு மறக்காமல் ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்கும் தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது பல் டாக்டர் போன் செய்தார். இன்று நல்ல வெயிலாம். மேல்மாடிச் சன்னல் திறந்திருக்கிறதென்று நினைத்து மிச்சக் காபியை வெளியே வீசியிருக்கிறார், அது கண்ணாடியில் அடித்துத் திரும்பி அவர் கோட்டிலேயே வந்து விழுந்ததாம். "இருக்கறதே தெரியலம்மா. காபி பட்டதையும், நான் துடைச்சுக் கெடுத்ததையும் திங்கட்கிழமை வந்து கழுவிக் குடுங்க. அப்புறம் மாசாமாசம் வந்துடுங்க" என்கிறார். எனவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். கிடங்குக்கு நான் வேலைக்கு வரவில்லை. அங்கே மொத்தம் எத்தனை சன்னல் என்று மட்டும் சிநேகிதரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.