மூடியைத் திறக்காத நிக்கானோர்

"இந்தக் களியை இனிமே நான் தொட மாட்டேன்!" நெல் விளையும் ஹொஹூத்லா ஊரே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, நிக்கானோர் தட்டைத் தள்ளினான்.

பின்னே? தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு தக்காளிச் சாதம் குழைந்து கிடக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக உதிரி உதிரியாய்ச் சமைத்த மனைவி செனாய்தாவுக்கு என்ன வந்ததோ, நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து கிண்டுகிறாள். மூடி போட்ட பிறகு கிண்டினால் போச்சு என்று அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"கிண்டாதேன்னா கேக்கறியாடி?"

"எங்க வெராக்ரூஸ்ல இப்படித்தான். அரிசி கப்பல்ல வந்து முதல்ல எறங்கினதே எங்க துறைமுகத்துலதான், தெரியுமில்ல?"

"எறங்கினா ஆச்சா? வெளையறது எங்க வயல்ல! தக்காளி எந்தக் கப்பல்ல வந்துச்சு? இந்த மண்ணுலயே மொளைச்சது! ரெண்டையும் சேக்கத் தெரிஞ்ச கை இந்தக் கை!"

"அந்தக் கை இதுவரைக்கும் வெந்நீர்கூட வெச்சதில்லையே."

சுருக்கென்று தைத்தது. நிக்கானோர் எழுந்தே விட்டான்.

"வர்ற ஞாயிறு நானே செய்யறேன். உங்கம்மாவையும் கூப்பிடு. நல்லா வந்தா, ஞாயித்துக்கிழமை நான் பந்தாடப் போறப்ப எங்கேன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது!"

அதுதான் விஷயம். ஐம்பது வயதிலும் அவன் தெரு அணிக்கு கோல்கீப்பர். வாரம் முழுக்க அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் உயிரோடு இருந்தான். செனாய்தாவோ ஞாயிறுதோறும் அவனுக்கு ஒரு வேலை வைத்திருப்பாள்.

"சரியா வரலேன்னா?"

"பூட்ஸைக் கொளுத்திடறேன்! இந்த வீட்டுல யாருக்குச் சாதம் நல்லா வருதோ, அவங்க கைலதான் கரண்டி!"

"இதை எங்கம்மா முன்னாடி சொல்லுவீங்களா?"

"உங்க வம்சத்தையே கூட்டிட்டு வா, சொல்றேன்!"

வந்தார்கள். வெராக்ரூஸிலிருந்து வந்து ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற மாமியார் தோன்யா குக்கா பதினோரு பேரோடு வந்து உட்கார்ந்தாள். நிக்கானோர் மார்தட்டிச் சபதத்தை மறுபடி சொன்னான். அரிசியைக் கழுவி உலர்த்தி, பன்றிக் கொழுப்பில் பொன்னிறமாக வறுத்தான். தக்காளி, வெங்காயம், பூண்டு அரைத்த விழுதை ஊற்றினான். கோழிச் சாறு விட்டு, முழுப் பச்சைமிளகாயை மேலே போட்டு மூடினான். பிறகு அடுப்புக்கு முன்னால் கோல்கம்பங்களுக்கு நடுவே நிற்கிற மாதிரி கையை விரித்து நின்றுகொண்டான்.

"ஒரே ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன்," என்றாள் செனாய்தா.

"செத்தாலும் மாட்டேன்!"

திறந்தபோது ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக இருந்தது. மாமியார் ஒரு வாய் போட்டாள், இன்னொரு வாய் போட்டாள். நன்றாகச் சாதம் செய்த கன்னிப்பெண்ணுக்கு அங்கே என்ன சொல்வார்களோ அதையே சொன்னாள்: "மாப்பிள்ளை, இனி உங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கலாம்!"

வீடே கைதட்டியது. நிக்கானோருக்குத் தலைகால் புரியவில்லை.

"அடுத்த ஞாயிறு ஆட்டம். யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது!"

"யாரு கேக்கப்போறா? தாராளமா போங்க," என்று செனாய்தா கரண்டியை அவன் கையில் வைத்தாள். "ஒரு மணிக்குச் சாதம் மட்டும் ரெடியா இருக்கணும்."

"ஆட்டமே ஒரு மணிக்குடி!"

"கரண்டி யாரு கைலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சாட்சி," என்றாள் மாமியார், தட்டை மறுபடி நீட்டி. "இனி வாராவாரம் நாங்க எல்லாரும் இங்கதான்."

நிக்கானோர் கரண்டியை மேஜையில் ஓங்கி அடித்தான். "முடியாது! எனக்கு உன் சாதமே போதும். குழைஞ்சு கிடந்தாலும் தின்னுக்கறேன்!"

"ஐயையோ, என்னால ஆகாதுங்க," என்று செனாய்தா தோளைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வாரமா கிண்டிக் கிண்டி எனக்குத் தோள்பட்டையே போச்சு."