காஸ்வாலாவின் புல்தரை

அடுத்தவர் குளித்த தண்ணீரைக் கேட்டு வாங்கிய மனிதர் போர்ட் பிளேரிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தார் என்பது எங்கள் தலையெழுத்து.

மின்னி பே பக்கத்தில் உள்ள அந்த அரசுக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் காஸ்வாலா. இந்தியில் காஸ் என்றால் புல். அது தெரியாமல், மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் காஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று அவரைப் பிடித்து விசாரிப்பார்கள். அவரும் கோபிக்காமல், "கப்பல் வரணுமுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்தத் தீவில் எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது.

எங்கள் ஊரில் சமதளம் என்பது அரிது. வீட்டை விட்டு இறங்கினால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். அப்படிப்பட்ட இடத்தில் அவர் வீட்டு வாசலில் மட்டும் ஒரு துண்டு நிலம் தட்டையாகக் கிடந்தது. அதில் அவர் புல் வளர்த்தார். பூ இல்லை, காய் இல்லை, வெறும் புல். மழைக்காலத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. இங்கே மழை பெய்தால் சுவரில்கூடப் புல் முளைக்கும்.

சங்கடமெல்லாம் கோடையில்தான். மாசி பிறந்தால் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பிறகு அதற்கும் மனம் வராது. ஆபீஸ் விட்டு வந்து, குடத்தோடு வரிசையில் நின்று, படியேறி ஊற்றி முடிக்கும்போது சாப்பிடவே தெம்பிருக்காது. சுற்றிலும் கடல். குளிக்கச் சொம்புத் தண்ணீர் கிடையாது.

அப்படியொரு கோடையில் அவர் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"சார், நீங்க குளிக்கிற தண்ணி வீணாத்தானே சாக்கடைக்குப் போவுது?"

"ஆமா."

"அத நான் எடுத்துக்கட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே எங்கள் குளியலறைக் கழிவுக் குழாயை அறுத்து, கீழே ஒரு நீல டிரம்முக்குள் விட்டுவிட்டார். அன்றிலிருந்து என் குளியல் என் சொந்த விஷயமாக இல்லாமல் போனது. ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னைக்குத் தண்ணி கம்மியா வந்துச்சே, உடம்புக்கு முடியலையா?" என்பார். என் மனைவி சோப்பை மாற்றியதை என்னிடம் அவர்தான் சொன்னார். "பழைய சோப்பே போடச் சொல்லுங்க சார். புதுசு புல்லுக்கு ஒத்துக்கல."

அவருடைய புல் வைத்தியத்தை நான் கேட்காமலே கற்றுக்கொண்டேன். வெயில் காலத்தில் ஒட்ட வெட்டக் கூடாது. நீளமாக விட்டால் அதன் வேருக்கு அதுவே நிழல். தினமும் தெளிப்பதைவிட, என்றைக்காவது ஊற்றினாலும் வேர்வரை இறங்க ஊற்ற வேண்டும். அதுவும் பொழுது ஏறுவதற்கு முன்னால். உரம் பக்கமே போகக் கூடாது. "காய்ச்சல்ல கெடக்கிறவனுக்கு யாராவது பிரியாணி குடுப்பாங்களா?" என்று கேட்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இத்தனை அக்கறையாக யாரும் கவனித்ததாக நினைவில்லை.

ஒருநாள் அலுப்பு தாங்காமல் கேட்டேவிட்டேன். "எதுக்கு சார் இந்தப் பாடு?"

குனிந்தபடியே சொன்னார்: "என் தாத்தா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல புல்லு வெட்டுனாரு. எங்கப்பாவ அங்கேர்ந்து அனுப்பி, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துல கொண்டாந்து விட்டாங்க, அங்கயும் புல்லு வெட்டுனாரு. நானும் சின்னதுல வெட்டியிருக்கேன். வம்சமா வெட்டிட்டோம். நான் ஒருத்தனாவது வளத்துப் பாக்கிறேனே."

மறுநாள் குளிக்கும்போது ஒரு சொம்பு கூடுதலாகவே ஊற்றிக்கொண்டேன்.

அந்த வருடம் வெயில் ஓயவே இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் நீர் அடியைத் தொட்டது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் ராவ் காரு, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஏற்கெனவே தூக்கம் கெட்டிருந்தவர், குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நம்ம குடிக்கிற பானி எல்லாம் காஸுக்குப் போகுது. ராத்திரி டியூப் போட்டு எடுக்கிறார்."

எல்லோரும் காஸ்வாலாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். "தேக்கோ ராவ்ஜி, தொட்டித் தண்ணிய நான் தொட்டதில்ல" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து என் குளியல் தண்ணீரைப் பற்றிச் சாட்சி சொன்னேன். கூட்டம் சிரித்தது, ராவ் நம்பவில்லை. அன்றோடு காஸ்வாலாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. கல்யாணப் பத்திரிகை எல்லா வீட்டுக்கும் வந்தது, கீழ்வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மண்டபத்துக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தண்ணீர் இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிவிட்டார்கள். ராவ் குடியிருப்பையே சுற்றிச் சுற்றி வந்தார். பந்தல் போடத் தட்டையான தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவரால் போய்க் கேட்க முடியவில்லை. பால்கனியில் நின்று அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த காஸ்வாலாவின் மனைவி செல்லம்மா அக்கா உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் காஸ்வாலா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ராவ்ஜி, கம்பி நட்டா ஓரமா நடச் சொல்லுங்க. செருப்போட யாரும் ஏறக் கூடாது. அடுப்பு அந்தப் பக்கம்."

ராவ் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ தெலுங்கில் சொன்னார். காஸ்வாலாவுக்குத் தெலுங்கு தெரியாது. "டீக் ஹை, டீக் ஹை, பரவால்ல" என்றார்.

கல்யாணம் நடந்தது. கடலில் ஆடி ஆடி வந்த களைப்போடு மாப்பிள்ளை வீட்டார் வெறுங்காலில் நின்றார்கள். சாப்பாடு முடிந்ததும் காஸ்வாலா பந்தல் வாசலில் நின்றுகொண்டார். டேங்கர் தண்ணீர், ஆளுக்கு ஒரு சொம்பு. கை கழுவ வந்தவர்களை ஒவ்வொருவராக இடம் பிரித்து அனுப்பினார். "நீங்க அந்த மூலைக்குப் போங்க, அங்க ரொம்பக் காயுது. அம்மா, நீங்க இங்கயே கழுவுங்க." மாப்பிள்ளையின் பெரியப்பா, இது ஏதோ அந்தமான் சம்பிரதாயம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுக் கழுவினார்.

ஆனாலும் புல் பிழைக்கவில்லை. அத்தனை கால் மிதித்து, பந்தல் பிரித்தபோது தரை மண்ணாகக் கிடந்தது. காஸ்வாலா அதை ஒருமுறை சுற்றி வந்தார். "போனாப் போவுது சார், பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார். அன்று சாயங்காலம் ராவ் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். தான் குளித்த தண்ணீர். இருவரும் அந்த மண்ணுக்கு ஊற்றிவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வைகாசியில் மழை வந்தது. அங்கங்கே பச்சை தெரிந்தது. எல்லாம் மூடி வளர்வதற்குள் அவர் ரிட்டையர் ஆகி, மாயாபந்தரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்துக் குடிவந்தவர் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிட்டார்.

போன மாதம் ஏதோ பென்ஷன் வேலையாகக் காஸ்வாலா வந்தார். நான் பதறிப்போய் இறங்கி ஓடினேன். அந்த சிமென்ட்டை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி என்னா மைலேஜ் குடுக்குதாம்?" என்று கேட்டார்.

"விசாரிக்கல சார்."

"ம்."

மாயாபந்தர் பஸ் மறுநாள் விடியற்காலையில்தான், அதுவரை லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன் என்றார். நான் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு படியேறினேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி. அதனால் மெதுவாகவே ஏறினேன்.