ஏறாத தடுப்பு

"மன உளைச்சல்னு போட்டுக்கலாங்களா, கடும் மன உளைச்சல்னு போட்டுக்கலாங்களா?" என்று கேட்டான் பாலகுமார்.

ஏற்காடு கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாலகுமார்தான் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புகிறவன். பட்டா, பென்ஷன், தெருவிளக்கு எல்லாம் அவனுக்குப் பழக்கம். விமானத்தில் சீட் சரியில்லை என்று ஒருவர் வந்து நின்றது இதுதான் முதல் தடவை. அதுவும் பிசினஸ் கிளாஸ் சீட். இவ்வளவு உயரத்தில் ஒரு குறை தன் கடைக்கு வந்ததே என்ற பூரிப்பில், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் ஓரமாக நிற்க வைத்துவிட்டான்.

"உள்ளது உள்ளபடி போடு சாமி," என்றார் லாசர். "ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பு. பட்டனை அமுக்குனா மேல வரோணும். வரலை. அது மேல வந்து நின்னாத்தான் சீட்டு படுக்கையாகுமாம். ஆகலை. லண்டன்ல இருந்து பெங்களூர் வரைக்கும் நானும் டீச்சரும் உக்காந்துட்டேதான் வந்தோம்."

"நம்ம நாகலூர் பஸ்ல வர்றாப்புல."

"அதேதான். அதை எழுதிராதே."

லாசர் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் கணக்கும் பழக் கணக்கும் எழுதுகிறவர். வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் ஊருக்கு அவர் ரைட்டர்தான். பள்ளிக்கூட வேலையை விட்ட அவர் மனைவி மரியசெல்வி டீச்சர்தான். கட்டிய புருஷனே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மகள் ஷீனா லண்டனில் நர்ஸ். பேத்தியைப் பார்க்க சாதாரண டிக்கெட்டில் போய் இறங்கிய லாசர், இரண்டு நாள் நிமிர முடியாமல் கிடந்தார். அதைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது அப்பா படுத்துக்கொண்டு போகட்டும் என்று கூடுதலாக நைட் டியூட்டி பார்த்து பிசினஸ் கிளாஸ் எடுத்துக் கொடுத்தாள் ஷீனா. கடைசியில் படுக்கையே வரவில்லை என்று தெரிந்ததும் போனிலேயே அழுதுவிட்டாள். அந்த அழுகை லாசரைத் தூங்கவிடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வருகிற மே மாதம் பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விசேஷம். மறுபடி டிக்கெட் எடுத்துத் தர ஷீனாவுக்கு வசதிப்படாது. நஷ்டஈடாக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டால், வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பேத்தி பீடத்துக்கு நடந்து போவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். லாசர் ஜெபத்தில்கூட அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மரியசெல்விக்குத்தான் இதில் துளியும் இஷ்டமில்லை.

"உட்டுருங்க. பத்திரமா ஊடு வந்து சேந்துட்டமில்ல," என்றாள்.

"நீ டீச்சர், மன்னிச்சு உட்டுருவே. நான் ரைட்டர். எனக்குக் கணக்கு நேராகோணும்."

கடும் மன உளைச்சல் என்றே புகார் போயிற்று. ஒரே வாரத்தில் பதில் வந்தது. விமானக் கம்பெனி மிகவும் வருந்தியது. வருந்தியதற்கு அடையாளமாக, அடுத்த முறை விமான நிலையத்தில் இருவருக்கும் ஒரு வேளைச் சிற்றுண்டி இலவசம் என்றது.

"சும்மா போய்க் கேட்டாக் குடுப்பாங்களா?"

"உள்ள போகவே டிக்கெட் வேணுமுங்களே," என்றான் பாலகுமார்.

"அப்ப இட்லி திங்கறதுக்கு நான் லண்டன் டிக்கெட் எடுக்கோணும்."

பாலகுமார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு சொன்னாத்தானுங்க அவிங்க அசைவாங்க. முதுகு வலிச்சுதுங்களா?"

"கொஞ்சம் புடிச்சாப்புல இருந்துச்சு."

பாலகுமார் இங்கிலீஷில் தட்டினான். தட்டி, அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் படித்துக் காட்டினான். முதுகெலும்பில் நிரந்தரப் பாதிப்பு, நடமாட்டம் முடங்கியது என்று இருந்தது. முடங்கிய லாசர் எழுந்து நின்று அவன் காதைத் திருகப் போனார். அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது என்று சொல்லிவிட்டான்.

கம்பெனி டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டது. சேலத்தில் ஒரு டாக்டர் லாசரைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படி முதுகு இருக்கறதுக்கு சந்தோஷப்படுங்க," என்றார். லாசருடைய முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவருக்கே மனசு இளகிவிட்டது. ஓய்வு தேவை, ஏணி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்து ஒரு இடுப்பு பெல்ட்டையும் விற்றார்.

அது ஏணி போட்டு மிளகு பறிக்கிற காலம். சவுக்கு மரத்தில் கொடி சிவந்து கிடந்தது. குருவிகள் பாதியைத் தின்பதை லாசர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட் வேறு அவர் தொப்பையில் நிற்கமாட்டேன் என்றது. மூச்சு விட்டால் பிரிந்துகொண்டது. மரியசெல்வி வளையலில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றி மாட்டிவிட்டாள். அவள் வளையலில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கும். பிள்ளைகளின் அறுந்த பட்டனுக்காக டீச்சர் காலத்தில் வந்த பழக்கம்.

"இந்தக் கூத்தெல்லாம் தேவைங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் விஷயம் கைமீறிப் போயிற்று. பாலகுமார் யாரிடம் சொன்னானோ, பங்குச் சாமியார் மன்றாட்டில் "விமானத்தில் முதுகெலும்பு முறிந்த நம் சகோதரர் லாசருக்காக" என்று ஆரம்பித்துவிட்டார். முன்வரிசையில் முழங்கால் போட்டிருந்த சகோதரர் லாசர் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பூசை முடிகிறவரை அப்படியே இருந்தார். அன்று சாயங்காலத்திலிருந்து ஆட்கள் பன்னும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். கரடியூரிலிருந்து ஜீப் பிடித்துக்கூட வந்தார்கள். வருகிறவர்களுக்காக லாசர் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. இப்படிக் கிடந்து கிடந்து நான்காம் நாள் அவருக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

இத்தனை பெரிய பாதிப்பா என்று கம்பெனியும் பயந்து, நேரில் விசாரிக்க சென்னையிலிருந்து ஆளை அனுப்பிவிட்டது.

வந்தது கவியா என்ற பெண். கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி மேலே வந்ததில் முகம் வெளுத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். வாசலைத் தாண்டுவதற்குள் கால் தள்ளாடியது.

"அடக் கண்ணு, மொதல்ல படு சாமி," என்று மரியசெல்வி அவளைத் தாங்கிக்கொண்டு போய் லாசருடைய கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள்.

நோயாளிக்குக் கட்டில் போய்விட்டது. பாவம் பார்த்த லாசர், அவள் மேல் வெயில் அடிக்கிறதென்று கட்டிலைத் தலைமாட்டுப் பக்கம் தூக்கி ஒதுக்கிப் போட்டார். போட்ட பிறகுதான் தான் யார் என்பது நினைவுக்கு வந்தது.

கவியா படுத்தவாக்கில் அவரைப் பார்த்தாள். "சார், உங்க முதுகு..."

"நேத்தைக்கு இன்னிக்கு நொம்பப் பரவால்லைங்க கண்ணு."

"முதுகை விட்டுடலாம் சார்," என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "விமானத்துல என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க. ஏறும்போது அந்தத் தடுப்பு வேலை செஞ்சுதா?"

"செஞ்சுதுங்க. ஏர்ஹோஸ்டஸ் புள்ள அமுக்கிக் காட்டுச்சு. சர்ருனு மேல வந்து டீச்சர் மொகத்தை மறைச்சுருச்சு. இனி ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு இருக்காதுன்னு சொல்லுச்சு. பிளேன் கிளம்பறப்ப கீழ எறக்குனாங்க. பிளேன் மேல போனதும் நான் பாத்ரூம் போயிட்டு வந்து அமுக்கறேன், தடுப்பு அசையலை. ஆளாளுக்கு வந்து அமுக்குனாங்க. ஊஹூம்."

"அப்புறம் பெங்களூர் வரைக்கும் என்ன பண்ணீங்க?"

லாசர் சமையலறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"பேசிட்டு வந்தமுங்க," என்றார்.

உண்மையில் அவ்வளவுதான். கூலியாட்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்குப் பக்கத்தில் அவர்கள் முதன்முதலில் குடியிருந்த ஒற்றை அறை வீட்டைப் பற்றிப் பேசினார்கள். பங்குனி மழைக்கு மறுவாரம் காப்பிப் பூ பூத்து மலையே வெள்ளையாகக் கிடந்த காலையில் ஷீனா பிறந்ததைப் பற்றிப் பேசினார்கள். செத்துப்போனவர்களைப் பேர் பேராக நினைத்துப் பார்த்தார்கள். அப்புறம் மரியசெல்வி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் மரத்துப்போனது. அவள் எழுந்துவிடுவாளே என்று அவர் கையை அசைக்கவில்லை. வீட்டில் அவருக்கு மிளகும் டிவியும், அவளுக்கு ஜெபமாலையும் போனும் என்று ஆகிப்போன பிறகு, இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று அன்று நினைத்துக்கொண்டார். அதையும் இப்போது கவியாவிடம் சொல்லிவிட்டார்.

"சார், இது புகார்தானே?"

"புகார்தானுங்க," என்றார் லாசர் அவசரமாக. "படுக்கை வரலையில்ல? ஆனா ஒண்ணு கண்ணு, எங்களுக்கு ரிப்பேர் சீட்டுதான் ராசி. எங்க கல்யாணமே அப்பிடி நடந்ததுதான்."

சமையலறையில் மரியசெல்வி, "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள்.

ஆரம்பித்துவிட்டார். ஊரில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. அந்தக் காலத்தில் லாசர் எஸ்டேட் தபாலோடு நாகலூரிலிருந்து காலை பஸ்ஸில் ஏற்காடு போவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சரும் அதே பஸ்ஸில் போவாள். அவள் உட்காருகிற ஜன்னலுக்கு மட்டும் ஷட்டர் இறங்காது. மழை பெய்தால் சாரல் நேராக அவள் மேல்தான் அடிக்கும். எழுந்து நிற்பாள். பஸ்ஸில் காலியாக இருப்பது லாசருக்குப் பக்கத்து இடம்தான். கண்டக்டர் அண்ணாதுரை, "ஷட்டர் ரிப்பேருங்க டீச்சர், ரைட்டர் பக்கத்துல உக்காந்துக்கங்க," என்பார். அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழை. நனைந்த புடவையும் சாக்பீஸ் வாசனையுமாக அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். லாசருக்குப் பேச வராது. ஒரு நாள் ஏதாவது செய்யவேண்டுமே என்று ஓடுகிற பஸ்ஸுக்குள் குடையை விரித்துவிட்டார். மொத்த பஸ்ஸும் சிரித்தது. அவளும் சிரித்தாள். தை மாதம் கோயிலில் அவர்கள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தார்கள்.

"அந்த ஷட்டர் மட்டும் இறங்கியிருந்தா நான் இன்னிக்கும் ஒண்டிக்கட்டைதான்," என்று முடித்தார் லாசர். "ஆண்டவனாப் பாத்து ரிப்பேர் பண்ணி வெச்சிருந்தாரு." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எப்போது சொன்னாலும் அந்த இடத்தில் கலங்கும்.

கவியா பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இன்ஜினியர்ங்க அந்தத் தடுப்பைப் பிரிச்சுப் பார்த்தாங்க சார். அது ஏறி இறங்குற பள்ளத்துல இது செருகியிருந்துது."

உள்ளே ஒரு ஊக்கு இருந்தது.

"உங்க ரெண்டு பேர்ல யாரும் இதை வைக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, எங்க சுத்தம் பண்ற ஆளுங்க தப்புன்னு எடுத்துக்கிட்டு ரெண்டு டிக்கெட் குடுக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க புகார்ல எழுதியிருந்த பேத்தி விசேஷத்துக்குப் போயிட்டு வந்துடலாம். நீங்க வச்சதுன்னா மட்டும் டிக்கெட்டும் கிடையாது, ரிப்பேர் செலவும் உங்களோடது."

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

லாசருக்கு ரத்தம் கொதித்தது. "நாங்க வைப்பமா? ஒரு பழத்தைக்கூடக் கணக்குல உடாம எழுதுன கை கண்ணு இது. கொண்டா பேனாவை. டீச்சர், நீயும் வந்து ஒரு கையெழுத்துப் போடு."

"காப்பி கொதிக்குதுங்க," என்றது உள்ளிருந்து குரல். "நான் அப்பவே சொன்னேன், உட்டுருங்கன்னு."

அந்த நேரம் பார்த்து, கையில் பன் பொட்டலத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றினார் ஒரு பெரியவர். முதுகெலும்பு முறிந்தவரைப் பார்க்க வந்த பழைய கண்டக்டர் அண்ணாதுரை.

"வாங்க அண்ணாதுரை, நல்ல நேரத்துல வந்தீங்க," என்று லாசர் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "கண்ணு, இவரைக் கேளு. எத்தனை வருஷம் எங்களை பஸ்ஸுல ஏத்தி எறக்குன மனுஷன். அண்ணாதுரை, நானோ டீச்சரோ ஒரு நாளாவது உங்க வண்டியில ஒரு சீட்டு, ஒரு கம்பி, எதையாச்சும் கெடுத்திருக்கமா? ஏரோப்ளேன்ல இதைச் செருகி வெச்சு ரிப்பேர் பண்ணிட்டமாம். நீங்களே சாட்சி சொல்லுங்க."

அண்ணாதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லாசருடைய பெல்ட்டைப் பார்த்தார். காப்பித் தட்டோடு நிலைப்படியில் வந்து நின்ற மரியசெல்வியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏனுங்க டீச்சர், அந்த ஐப்பசி பூரா சாயங்காலமானா ஷட்டர்ல இருந்து நான் புடுங்கிப் போட்டதும் இதே ஊக்குதானுங்களே, இன்னுமா நீங்க உடலை?"