பொன்னேரிக்கு நேர் சாலை

அரசாங்கச் சாலை எதுவும் காரணம் இல்லாமல் வளைவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிமேடு குப்பத்திலிருந்து பொன்னேரிக்குப் போகும் சாலையும் அப்படித்தான். ஊரை விட்டதும் ஒரு காலி மைதானத்தைக் கண்டு மரியாதையாக ஒதுங்கி, அதைப் பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் வந்த பிறகுதான் பொன்னேரி ஞாபகம் வந்து கிளம்பும்.

காரணம் வெள்ளைக்காரன் காலத்தது. சாலைக்கு அளக்கத் துரை வந்த அன்று அந்த மைதானம் முழுக்கப் பருத்தி வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. விரித்த வலையை யாராவது தாண்டினால் அன்றைய மீன்பாடு போச்சு என்பது குப்பத்துச் சட்டம். துரை பூட்ஸ் காலோடு சுற்றிக்கொண்டு நடந்தார்; சாலையும் அவர் பின்னாலேயே நடந்தது. இப்போது எல்லாம் நைலான் வலை, யாரும் அங்கே காயவைப்பதில்லை. துரையும் போனார், பருத்தியும் போனது. வளைவை மட்டும் தார் போட்டு, பள்ளம் அடைத்து, கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார்கள்.

இதில் நஷ்டப்பட்டவள் ஜமுனா. ஏரியில் கையால் தடவிப் பிடித்த நண்டை ஈரச் சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோவில் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். வெயிலில் அந்தச் சுற்று முடிவதற்குள் பாதி நண்டு உயிரை விட்டுவிடும். அசையாத நண்டை எவன் வாங்குவான்?

"இனிமே செத்தத கொண்டாந்தா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்மா" என்று மெஸ் நடத்தும் கங்காதரன் கறாராகச் சொல்லிவிட்டார். அவரை விட்டால் அவளுக்கு வேறு வாடிக்கை கிடையாது. இருக்கிற ஒரே பிழைப்பும் இந்த வளைவில் போகிறதே.

மனு கொடுத்தாள். ஊரே கையெழுத்துப் போட்டது. மேற்படி மனு உரிய பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு, உதவிப் பொறியாளர் தினகரன் கையில் டேப்லெட்டோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர். அதனால் திட்டவும் வழியில்லை.

"இங்க இன்னாமா தடை?"

"ஒண்ணும் இல்ல சார். வெறும் மண்ணு."

"அதான் சிக்கல். வலை காயவைக்கிற இடம்னு மேப்ல இருக்குது. அந்தத் தடையை அகற்றினாத்தான் நேர் ரோடு போட முடியும்."

"இல்லாத தடைய எப்டி சார் எடுக்கறது?"

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, எடுத்த பின்னாடி ஒரு போட்டோ. ஆப்ல முதல் போட்டோ ஏறினாத்தான் ரெண்டாவது ஏறும்." தினகரன் குரலைத் தாழ்த்தினார். "நீங்களே வலைய விரிச்சு, நீங்களே எடுத்துடுங்களேன்."

ஜமுனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அரசாங்கத்தோடு கொஞ்ச நேரம் பேசினால் எல்லாமே நியாயமாகத்தான் படும்.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் வலை வந்தது. அவள் புருஷன் சுரேஷ் நட்டநடுவில் விரித்தான். பின்னால் வந்தவர்கள் இடம் போதாமல் சாலை மேலேயே விரித்தார்கள். தினகரன் மனம் குளிர்ந்து முதல் போட்டோவை எடுத்தார்.

"ரொம்ப நன்றி. இப்ப எடுத்துடுங்க."

யாரும் எடுக்கவில்லை. முதலில் வலை வைத்தவனுக்கே இடம், அவனாக எடுக்கும்வரை அது அவனுடையது என்பது ஏரியில் வழக்கம். ஏரிக்கு உள்ள வழக்கம் மண்ணுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? முதலில் எடுக்கிறவன் இடத்தை விட்டவன் ஆகிறான்.

"தாமோதரன் எடுக்கட்டும், நான் எடுக்கறேன்" என்றான் சுரேஷ்.

"சுரேஷ் எடுத்த மறு நிமிஷம் நான்" என்றான் பக்கத்து வலைக்காரன் தாமோதரன்.

"யோவ், எதுக்குய்யா விரிச்சோம்? நண்டு சாவுதுன்னுதான?" ஜமுனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் இன்னா மாட்டேன்னா சொல்றேன்? அவன் எடுக்கட்டும்னுதான சொல்றேன்" என்றான் சுரேஷ்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தினகரன், தானே எடுத்துவிடலாம் என்று முதல் வலையின் மேல் காலைத் தூக்கினார்.

"சார், தாண்டாதீங்க" என்று ஊரே கத்தியது. முதலில் கத்தியவள் ஜமுனா.

தினகரன் பண்பானவர். தூக்கிய காலை இறக்கி, வலைகளை ஓரமாகச் சுற்றிக்கொண்டு, பழைய சாலையையும் விட்டு விலகி, சேற்றில் இறங்கி ஏறி மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். கையிலிருந்த டேப்லெட் அவர் நடந்த தடத்தை அப்படியே பதிந்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டது.

தடை இருப்பது படத்தோடு உறுதியானது. மாற்றுத் தடமும் தயாராக இருந்தது. அதுவரை யாரும் கண்டிராத வேகத்தில் ஒப்புதல் வந்து, சாலை போட்டு, ஊர்த் தலைவர் துளசிங்கம் ரிப்பனும் வெட்டினார். பழையதைவிட இது இன்னும் நீளமான சுற்று. வலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஊர் கைதட்டியது. எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா நிற்கக் கூடாதே என்று ஜமுனாவும் தட்டினாள்.

மறுநாள் மார்க்கெட்டில் கங்காதரன் சாக்கைப் பிரித்தார். ஒரு கொடுக்குகூட அசையவில்லை.

"புது ரோடு போட்டாங்களாமே. நேரா போட வேண்டியதுதான? எவன் குறுக்க நின்னது?"

"யாரும் நிக்கலண்ணே" என்றாள் ஜமுனா. "நேர் ரோடுதான் வேணும்னு ஊரே ஒத்துமையாதான் இருந்தோம்."

கங்காதரன் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கூடையில் துடித்துக்கொண்டிருந்த நண்டுக்கு விலை கேட்டார்.