நீல ஒளிக்கு முன் என் மஞ்சள் வாய்

மனைவியை ஏமாற்றுவதில் நான் கெட்டிக்காரன் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். வெற்றிலையை விட்டுவிட்டேன் என்று ரீத்தாவிடம் சத்தியம் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெற்றிலை என்னவோ என் கார் டேஷ்போர்டில், இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் சௌக்கியமாகக் குடியிருந்தது. (காகிதமெல்லாம் சுண்ணாம்பு. அதைப் பார்த்தவன் வொர்க்‌ஷாப்காரன் ஒருவன்தான். தங்கமான மனுஷன், மூச்சு விடவில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் எங்கள் பெர்மாஸ் ஜெயா பகுதியில், பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் இலவச வாய்ப் பரிசோதனை. ரீத்தா என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். கறையைப் பார்த்தால் டாக்டர் கேட்டுவிடுவாரே! காலையில் அவள் குளிக்கப் போன நேரம், உப்பையும் மஞ்சள் தூளையும் குழைத்துப் பல், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். வாய் லேசாக மஞ்சளடித்தது. வெற்றிலைச் சிவப்புக்கு அது எவ்வளவோ தேவலை என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

டாக்டர் நளினி ஸ்கூடாயில் பல் கிளினிக் வைத்திருப்பவர். முப்பது வயதுகூட இருக்காது. கையில் நீல ஒளி வீசும் ஒரு கேமரா.

"நல்ல தோல் இந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும் அண்ணே. கெட்டுப்போக ஆரம்பிச்ச இடம் மின்னாது, கறுப்பாத் தெரியும். சும்மா பாத்தா தெரியாததக்கூட சில நேரம் காட்டிக் குடுத்துரும்."

காட்டிக் கொடுக்கும் என்றதும் நாக்கால் பல்லையெல்லாம் இன்னொரு முறை துழாவிக்கொண்டேன்.

என்னையும் ரீத்தாவையும் உள்ளே விட்டுத் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கினார். வாயைத் திறந்தேன். லாப்டாப்பில் என் வாய் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. "அலமாக்!" என்று ரீத்தா பதறிப் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற பாடகர் குழு மொத்தமும் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தது.

"அந்தோணி அண்ணன் வாயில லைட்டு எரியுது!"

"நல்லா மின்னுதே டாக்டர், ஒன்னும் இல்லதானே?" என்றேன். (என்ன தைரியம் பாருங்கள்.)

டாக்டர் சிரிக்கவில்லை. "மஞ்சள் தேச்சீங்களா? மஞ்சள் தானாவே இந்த வெளிச்சத்துல மின்னும். இப்ப உங்க வாயில என்ன இருக்குன்னு எனக்கு ஒன்னுமே தெரியல. எதுக்குத் தேச்சீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். ரீத்தா என்னைப் பார்த்தாள். "வெத்தலதான?" என்றாள்.

"இன்னொரு நாள் வரேன் டாக்டர்" என்று எழுந்தேன்.

"நீங்க வர மாட்டீங்க லா. உக்காருங்க."

கொப்பளிக்க வைத்தார், பஞ்சால் துடைத்தார், மறுபடி கொப்பளிக்க வைத்தார். வரிசை முழுவதையும் பார்த்து முடித்த பிறகும் அவர் சாப்பிடப் போகவில்லை. அவருடைய பீஹூன் சேமியாப் பொட்டலம் மேசையில் ஆறிக் கிடந்தது. மூன்று மணிக்குத்தான் என் வாய் ஒழுங்கான பச்சைக்கு வந்தது. நாக்கின் இடது ஓரத்தில் மட்டும், பாசிப்பயறு அளவில் ஒரு கறுப்பு.

"கறையா இருக்கும்" என்றேன்.

"துடைச்சுப் பாத்தேன், போகல. வெறும் புண்ணாக்கூட இருக்கலாம். இந்த வெளிச்சம் சந்தேகத்தத்தான் சொல்லும். கொஞ்சம் சதைய எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் நிச்சயமாத் தெரியும்" என்று அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் சதைச் சோதனையின் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் இப்போதுதான் தலைகாட்டியிருந்தது. ஒரு சின்ன அறுவையோடு முடிந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நானும் ரீத்தாவும் வெட்கமில்லாமல் அழுதோம். அன்றோடு வெற்றிலையை நிஜமாகவே விட்டேன். அந்த டாக்டர் பெண்ணை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. என் பொய்யைப் பார்த்த பிறகும் ஒரு வார்த்தை திட்டாமல், பசியோடு எனக்காகக் காத்திருந்தாரே!

ஆறு வருடம் ஆகிவிட்டது. வீட்டில் கரண்ட் போனால் என் மகள் இன்றும் விடுவதில்லை. "அப்பா, வாயத் திறங்க, வெளிச்சம் வரட்டும்!" என்பாள். நானும் திறந்து காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். ரீத்தா மட்டும் சிரிக்காமல் கைபேசி விளக்கை அடித்து, என் நாக்கின் இடது ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மெழுகுவத்தி தேடப் போவாள்.