அக்கா கட்டிய கேள்வித்தாள்

நான் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படித்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வரைந்தேன் என்பதுதான் சரி.

குற்றம் என் மேல் மட்டும் இல்லை. டியூஷன் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கணக்கைப் படிச்சதும் படம் போடுங்க. படம் வந்துட்டா பாதிக் கணக்கு முடிஞ்ச மாதிரி." நான் அந்தப் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டு மீதிப் பாதியை அவருக்கே விட்டுவிட்டேன். ஒரு பரீட்சையில், கோபுரத்தின் உச்சியிலிருந்து விழும் கல் தரையைத் தொட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருந்தார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்தவளிடம் கோபுரம் என்று சொன்னால் நாலு கோடு கிழித்துவிட்டுப் போக மனசு வருமா? ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை நிலை நிலையாக, பொம்மை பொம்மையாக ஏற்றிக் கலசம் வைத்து முடித்தபோது மணி அடித்துவிட்டது. கல் உச்சியிலேயே இருந்தது. சார் சிவப்பு மையில் எழுதினார்: "கோபுரம் நன்று. கல் எப்போது விழும்?" இருபதுக்கு மூன்று மதிப்பெண்.

(அந்த மூன்றும் கோபுரத்துக்குத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.)

படம் போடுவதில் எனக்கு இவ்வளவு திமிர் வரக் காரணம் வீட்டில் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். அப்பா பட்டுப்புடவை நெய்தார். புடவையில் வரவேண்டிய பூவைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைவது என் வேலை. எந்த இடத்தில் ஜரிகை தெரிய வேண்டுமோ அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்துகிறவர் அட்டைகளில் ஓட்டை போடுவார். அட்டையைத் தறியின் மேல் மாட்டினால், ஓட்டை எப்படியோ பூவும் அப்படி. தாளில் இருப்பது துணியில் வந்துவிடும், நடுவில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நான் யோசிக்காமல் வேலை செய்வதில் கெட்டிக்காரி என்பதால் எனக்கு இது பொருத்தமாக இருந்தது.

இதில் ஒரு தொல்லை. கட்டம் நிரப்பியே பழகிய கைக்குச் சும்மா கோடு இழுக்க வரவில்லை. இயற்பியல் வீட்டுப்பாடத்தையும் மீந்துபோன கிராஃப் தாளில், கட்டம் கட்டமாக, சிவப்பு மையிலேயே நிரப்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முருகேசன், பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரர், டவுன் பஸ் கண்டக்டர். கூரைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் வழக்கம். ஆனால் அப்பா நிச்சயதார்த்தத்தன்றே எழுந்து நின்று, "நெசவுக்காரன் ஊட்டுல பொண்ணு எடுத்துக்கினு கடையில பொடவை எடுப்பீங்களா? நானே நெய்யறேன். ஒரு கொறை சொல்லுங்க, அப்பறம் நான் தறியிலயே குந்த மாட்டேன்" என்று சபையில் சொல்லிவிட்டார். அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பேச்சு ஏற்கனவே கை மீறிப் போயிருந்தது.

உடல் முழுக்கச் சின்னச் சின்ன மாங்காய்ப் புட்டா (தனித்தனி ஜரிகைப் பூ) என்று முடிவானது. நான் மாங்காயை வரைந்தேன். அதே வாரம் டியூஷனில் ஒரு கணக்கு. தரையிலிருந்து சாய்வாக எறியப்பட்ட பந்து எவ்வளவு தூரம் தள்ளி விழும்? அதையும் வரைந்தேன். பந்து ஏறி இறங்கும் வளைவு, அதற்குக் கீழே R = ? என்ற எழுத்துகள். தெரியாததைக் கேள்விக்குறி போட்டுக் காட்ட வேண்டும் என்பது சாரின் விதி. இரண்டு தாளையும் இயற்பியல் நோட்டுக்குள் மடித்து வைத்தேன்.

மறுநாள் டியூஷனுக்குப் போகிற வழியில் அட்டை குத்தும் கன்னியப்பன் அண்ணன் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு தாளை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாமா செல்வி, எழுத்துலாம் போட்டுக்கினு இருக்குது?"

இழைக் கணக்கை ஓரத்தில் எழுதியிருப்பேன், அதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கறதை அப்டியே குத்துங்கண்ணே. ஒரு கட்டம் மாறக்கூடாது. எங்க அக்கா பொடவை!"

"சரிமா. இப்பலாம் இப்டித்தான் கேக்கறாங்க போல" என்றார் அவர். பெரிய தொழில்காரர். ஒரு கட்டம்கூட மாற்றவில்லை.

மாங்காய்த் தாள் என் நோட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அது என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அதைப் பார்க்க இயற்பியல் நோட்டைத் திறக்க வேண்டும். அன்றைய டியூஷனில் பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தே சமாளித்தேன். மறுநாளிலிருந்து கல்யாண வேலையைச் சாக்குச் சொல்லி, கல்யாணம் முடியும்வரை நின்றுவிட்டேன்.

நெய்யும்போது தெரியாதா என்று கேட்பீர்கள். புட்டா தறியில் படுத்துத்தான் கிடக்கும். புடவையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி எழுந்து நின்றால்தான் அதுவும் நிமிரும். பக்கவாட்டில் நின்று பார்க்கலாம் என்றால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இன்னொரு தறி. நெய்தது நெய்தபடி உருளையில் சுருண்டும் போய்விடும். அப்பாவுக்கோ இங்கிலீஷ் எழுத்து நின்றாலும் தெரியாது, படுத்தாலும் தெரியாது. அவர் அம்மாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது பெறை நெலா. இது குந்திக்கினு இருக்கற கிளி. இது ரெண்டு கம்பி. இது மாங்கா, கீழ ஒரு பொட்டு."

"மாங்கா மட்டும்தானே சொன்னோம்?" என்றாள் அம்மா.

"சின்னவ அதுவா ஜோடிச்சிருக்குது. இன்னாமா செல்வி? நல்லாத்தான் இருக்குது. கைல வித்தை இருக்குது இதுக்கு."

பிறையும் கிளியும் நான் போடவில்லை என்று எனக்குத் தெரியும். கன்னியப்பன் அண்ணன் தன் கைவரிசையைச் சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்னைப் பாராட்டுவது தீபாவளி மாதிரி, வருஷத்துக்கு ஒரு தரம்தான். அதை ஏன் இன்னொருவருக்குத் தாரை வார்க்க வேண்டும்? தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன். என்னுடைய படத்தையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். படுத்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள்தான் புடவை தறியிலிருந்து அறுபட்டது. (ஊருக்கெல்லாம் முன்கூட்டி நெய்து கொடுக்கிறவர்கள் வீட்டுப் புடவை இப்படித்தான் முடியும்.) மடித்து, மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்தாயிற்று. வைத்த பிறகு கட்டுகிறவள்தான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். முகூர்த்தத்தன்று மண்டபத்தில் கரண்ட் இல்லை. மணமகள் அறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். ஆறு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அக்காவுக்கு அவசரமாகச் சுற்றி மேடைக்குத் தள்ளினார்கள்.

மேடையில் வீடியோக்காரர் ஜெனரேட்டர் கரண்டில் பெரிய லைட்டைப் போட்டார். ஜரிகை பளீரென்றது. அரக்குச் சிவப்பில் தோளிலிருந்து கணுக்கால் வரை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக R = ?, R = ?, R = ?

அந்த நிமிஷம் எனக்கு முதலில் தோன்றியது என்னவென்றால், 'அடடா, வளைவு எவ்வளவு சரியாக வந்திருக்கிறது!' என்பதுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மாப்பிள்ளையின் அத்தை முன் வரிசையில் இருந்தார். தாமலில் பாலர் பள்ளி ஆசிரியை, எழுத்தைக் கண்டால் உரக்கப் படித்தே ஆகவேண்டிய தொழில். அவர் எழுந்து கிட்டே வந்து அக்காவின் முந்தானையை விரித்துப் பிடித்தார்.

"ஆர். சமம். கேள்விக்குறி." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பொண்ணு பேரு மல்லிகா. எங்க புள்ள பேரு முருகேசன். ஆருன்றது யாரு?"

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கூட்டம் தன்னால் முடிந்த உதவியைச் செய்தது. பந்தல் போட வந்த ரவியை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கொல்லைப் பக்கம் போனவன் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. சமையல்காரர் ராமசாமிக்கு எழுபது வயது, அவரையும் ஒருவர் ஒரு மாதிரி பார்த்தார். வீடியோக்காரர் பெயர் ராஜேந்திரன் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். லைட் உடனே அணைந்தது.

அப்பா கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். ஒரு குறை சொல்லுங்கள் என்று சபையில் சவால் விட்டவர் அவர். இப்போது புடவை போகட்டும், பெண்ணின் பேரே கெடுகிற நிலை. அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் காப்பாற்றக்கூடியவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. மேடை ஏறினேன்.

"அத்தை, ஆருன்றது ஆள் இல்ல அத்தை. அது நெடுக்கம்!"

"இன்னாது? நெருக்கமா?"

மண்டபம் முழுக்க 'ஆ' என்றது.

"நெருக்கம் இல்ல, நெடுக்கம்! அதாவது எறிஞ்சா எவ்ளோ தூரம் போயி விழும்னு..."

"யாரை எறியறீங்க?"

"பந்தை! இல்ல, கல்லுனாலும் அதே கணக்குதான்..."

"கேட்டீங்களா? வந்த மொத நாளே கல்லு எறியறதுக்குக் கணக்குப் போட்டுக்கினு வந்திருக்காங்க!"

வாயால் விளங்க வைக்க முடியாதென்று எனக்குத் தெரிந்துபோனது. படம் வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி அல்லவா? யாரிடமோ பேனாவைப் பிடுங்கி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். பதற்றத்தில் என் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது நிலையில் பொம்மை வைத்துக்கொண்டிருந்தபோது ஐயர், "நல்ல நேரம் இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இந்தப் பொண்ணு கோபுரம் கட்டிண்டிருக்கு!" என்றார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எட்டிப் பத்திரிகையைப் பார்த்தார். பிறகு புடவையைப் பார்த்தார். தினமும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கிற தொழில் அவருடையது. அவர் முகத்தில் பதற்றமே இல்லை.

"இது உன் பாடக் கணக்காமா?"

"ஆமா மாமா."

"விடை இன்னா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரியல மாமா. படம் மட்டும்தான் போட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, மாப்பிள்ளை என்பதையே மறந்து சிரித்தார். அக்காவின் தோளும் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீ போயி குந்து. இந்தக் கணக்கை நான் போடறேன்" என்றார் மாப்பிள்ளை. "ஆருன்னா ரைட்டு. போலாம், ரைட்டு!"

அவர் பஸ்ஸில் சொல்கிற அதே குரல். அதைக் கேட்டால் எந்த டிரைவரும் வண்டியை எடுத்துவிடுவார். மேளக்காரர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு கெட்டிமேளம் கொட்டிவிட்டார். கொட்டிய மேளத்தை நிறுத்தக்கூடாது என்று ஐயர் தாலியை எடுத்துக் கையில் கொடுத்தார். அத்தை தன் நாற்காலிக்குப் போவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நான்தான் படுக்க வச்சே பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அன்று முதல் எந்தக் கிராஃப் வந்தாலும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தறியில் உட்காருவார். அக்கா விதவிதமாகத் திட்டினாள், கிள்ளினாள். மறுவீட்டு விருந்தில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை.

அந்த வருஷ முழுப் பரீட்சையில் அதே கணக்கு வந்தது. ஜென்மத்துக்கும் படமே வேண்டாம் என்று, படம் போடாமல் போட்டேன். தப்பு. படம் போட்டிருந்தால் அதற்காவது மதிப்பெண் கிடைத்திருக்கும் என்றார் சார்.

மாமாவுக்கு அந்தப் புடவை மேல் தனி மரியாதை. கல்யாண நாளில் அக்கா அதைக் கட்டினால், "கேள்வியெல்லாம் கரெக்டா இருக்குதா? ஒண்ணும் அழியலையே?" என்று விசாரிப்பார். வீட்டில் கரண்ட் பில் முதல் காணாமல் போன சாவி வரை, விடை தெரியாத எதற்கும் பதில் 'ஆர்' என்றாகிவிட்டது.

போன மாதம் அக்காவின் கடைசிப் பெண் இயற்பியல் நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை படத்தைச் சுத்தமாக, மூன்றே கோட்டில் போட்டிருந்தாள். கோபுரம் எதுவும் இல்லை.

"சித்தி, இதுல ஆர் கண்டுபிடிக்கணும். எப்டி?"

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நோட்டை ஒருமுறை திருப்பியும் பார்த்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவளைப் போயி கேக்கறியே! ரைட்டுன்னு எழுதுடி. உங்கப்பா அதைச் சொல்லித்தான் என்னைக் கட்னாரு."